ஐம்பது அடி

மூன்று சாஃப்ட்பால் பந்துகள்
மூன்று கடைகளிலிருந்து வந்தன.
ஒன்றின் தையல் சிவப்பு. ஒன்று வெள்ளை.
மூன்றாவது நீலம், பள்ளிச் சீருடையின் கிழிசலை
அவசரத்தில் தைத்த மாதிரி.
ஈஸ்டர் கோப்பைக்கு எதை வாங்கலாம்,
சோதித்து எழுதித் தா என்றார்கள்.
அணியின் கணக்கு வைப்பவள் நான்.
பந்து வீசுகிறவளும்.

சனிக்கிழமை, காக்ஸ் டவுன்.
முதல் மாடி பால்கனியிலிருந்து சவரிராஜ் ஒவ்வொன்றாக விட,
வண்டிகளை நகர்த்திய சிமெண்டுத் தரையில்
நான் தூணோரம் நின்று சாக்பீஸால் கோடு போட்டேன்.
நீலம் என் இடுப்பு வரை வந்து சோர்ந்தது.
வெள்ளை அதற்கு நாலு விரல் மேலே.
சிவப்பு நெஞ்சைத் தொட்டுவிட்டு இறங்கியது.
வாட்ச்மேன் திம்மப்பா மூன்றையும் வாங்கி
அமுக்கிப் பார்த்தார்.
சிவப்பை மட்டும் திருப்பித் தந்தார்:
"கல்லு."
கன்னடத்திலும் கல்லு கல்லுதான்.

ஞாயிறு, பூசை முடிந்த கையோடு மைதானம்.
மட்டை மாறக்கூடாது, அடிக்கிற ஆளும் மாறக்கூடாது.
தபசும் பந்துக்குப் பத்தாக முப்பது அடித்தாள்.
நான்தான் வீசினேன், வேறு யார் வீசுவது,
மாடியில் நிற்பவளுக்குச் சாவி எறிவதுபோல
கைக்குக் கீழிருந்து, மெதுவாக, ஒரு வளைவு.

நேசமணி டேப்பை இழுத்துக்கொண்டு ஓடினான்.
நீலம் இருநூற்று முப்பது அடி.
வெள்ளை இருநூற்று ஐம்பத்தாறு.
சிவப்பு வேலி தாண்டி பேக்கரி ஷட்டரில்.
பேக்கரிக்காரர் திட்டவில்லை.
பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
அடி பட்டது அதற்குத்தான் என்பதுபோல.

எல்லோரும் தூரம் அளந்தார்கள்.
போன மழைக்காலத்தில்
இதே ஐம்பது அடியில்தான் நின்றிருந்தேன்.
மட்டையின் சத்தம் காதுக்குள் முடியுமுன்
காறை எலும்பில் வந்து விழுந்தது.
ஆறு வாரம் கழுத்தில் தொங்கிய கை.
மகன்தான் என் தலைமுடியைப் பின்னினான்,
கோணலாக, தினமும் வேறு கோணலாக.

எனவே டேப்பில் ஏறாத ஒன்றை நான் அளந்தேன்,
மட்டை பந்தைத் தொட்டதற்கும்
என் கையுறை எழுவதற்கும் நடுவே உள்ளதை.
நீலத்தில்
"அய்யோ" முழுசாகச் சொல்ல நேரம் இருக்கிறது.
வெள்ளையில் "அய்யோ"வின் கால் ஒடிகிறது.
சிவப்பில் "அய்" வரைக்கும்தான்.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.

இன்னொன்று, தேடாமல் கிடைத்தது.
சிவப்பு ஒன்றை ஸ்கூட்டர் டிக்கியில் மறந்திருந்தேன்,
பங்குனி வெயில், மூன்று மணி நேரம்.
எடுத்தபோது கட்டைவிரலுக்கு வழிவிட்டது.
தபசும் அடித்தாள், "டங்" இல்லை, "தொப்".
"மட்டை விரிசல் விட்டிருக்கா?" என்று தட்டிப் பார்த்தாள்.
ராத்திரி சமையலறை மேடையில் ஆறியதும்
மறுபடியும் கல்லு.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
கேட்கவும் இல்லை யாரும்.

அறிக்கையில் ஓர் எண்ணும் பொய்யில்லை.
வாக்கெடுப்பில் எட்டுக்கு ஒன்று,
சிவப்பு.
அந்த ஒன்று யார் என்று தேடிச் சிரித்தார்கள்,
நானும் சேர்ந்து தேடினேன்.
ஒரு டஜன் வாங்கினோம், பில் என் பெயரில்.
ஆட்டம் வரை எங்கே வைப்பது?
கணக்கு வைப்பவளிடம்.

ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு.
ஒன்பதுக்கே போய்
மழைமரத்தின் கீழ் நின்ற வண்டியைத் தள்ளி
வெட்டவெளியில் ஸ்டாண்டு போட்டேன்.
தேவசகாயம் பார்த்துவிட்டார்.
"சீட்டு சுடுமே ஜசிந்தா,
நிழல் அவ்வளவு கிடக்கே."

சுடட்டும் அண்ணா என்றேன்.